நாலாம் இடத்துக்கு ஒரு நேர்த்தி

இந்த வருசம் முதல் நாலு இடத்துக்குள் வராவிட்டால் தன்னுடைய பெயர் தம்பித்துரையே இல்லை என்று தம்பித்துரை அறிவித்தார். ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலைச் சாப்பாட்டு மேசை. கேட்டுக்கொண்டிருந்தது மனைவி பாலாம்பிகையும், பாணுக்குப் பூசத் திறந்து வைத்த ஜாம் போத்தலும். இரண்டில் ஜாம் போத்தல்தான் கவனமாகக் கேட்டது.

ஜேர்மனியின் ஹம் நகரத்துக்கு வந்து முப்பது வருசமான தம்பித்துரை குழாய்த் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். ஆனால் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை அவர் ஒரு பேஸ்போல் அணிக்குச் சொந்தக்காரர். பயந்துவிடாதீர்கள், கற்பனை அணி. அமெரிக்காவில் நிஜமாக விளையாடுகிற ஆட்களைப் போனில் தெரிந்தெடுத்துத் தன் அணியில் போடவேண்டும். அவர்கள் அங்கே நன்றாக விளையாடினால் இங்கே தம்பித்துரைக்குப் புள்ளி. அவர்கள் அங்கே சொதப்பினால் இங்கே பாலாம்பிகைக்கு ஏச்சு.

ஆட்களின் ஸ்பானியப் பெயர்கள் அவருடைய வாயில் நுழையாது. ஆகையால் நெட்டையன், இடக்கையன், சப்பை மூக்கன் என்று எல்லாருக்கும் தானே பெயர் வைத்திருந்தார். அவர் வாழ்நாளில் பேஸ்போல் மட்டையைத் தொட்டதில்லை. ஆனாலும் இடக்கையனுக்குத் தோள் பிடித்துக்கொண்ட அன்று தம்பித்துரை லீவு போட்டார்.

போட்டியைத் தொடக்கிவைத்தது ரொறன்ரோவில் இருக்கும் பாலாம்பிகையின் அண்ணன் சுவாமிநாதன். பன்னிரண்டு அணி, பன்னிரண்டையும் நடத்துவது குடும்பத்துச் சொந்தக்காரர். ஓகஸ்ட் முடியும்போது முதல் நாலு இடத்தில் இருப்பவர்கள் பிளேஓஃப் என்ற கடைசிச் சுற்றுக்குப் போவார்கள். அது செப்டெம்பரில் மூன்று வாரம் நடக்கும். தம்பித்துரை நாலு வருசமாக ஐந்தாம் இடம். தொடர்ந்து நாலு வருசம் ஐந்தாவதாக வருவது லேசான காரியமில்லை, அதற்கும் ஒரு திறமை வேண்டும். அந்தத் திறமையைப் பாராட்டி ஒவ்வொரு வருசமும் சுவாமிநாதன் போன் எடுப்பார்.

“மச்சான், அந்த ஐஞ்சாம் இடத்தை உங்கடை பேரிலையே எழுதித் தரட்டோ?”

இந்த வருசம் நிலைமை வேறு. ஒரு வாரம் மிச்சமிருக்க, தம்பித்துரை நாலாம் இடம். சுவாமிநாதன் ஐந்தாம் இடம். வித்தியாசம் ஒன்பது புள்ளி. ஒக்டோபரில் பாரிசில் சுவாமிநாதனின் மகனுக்குக் கலியாணம். பன்னிரண்டு பேரும் அங்கே வருவார்கள். அந்த மண்டபத்துக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவதை நினைக்கும்போதே தம்பித்துரைக்கு உடம்பு புல்லரித்தது.

“செப்டெம்பரிலை மூண்டு சனி ஞாயிறு எனக்கு வேணும்,” என்றாள் பாலாம்பிகை. “பிள்ளை மிதுசாவுக்கு டார்ம்ஸ்டாட்டிலை யூனிக்குக் கிட்ட அறை கிடைச்சிருக்கெல்லோ. பெயின்ற் அடிக்கோணும், கட்டில் பூட்டோணும், சாமான் ஏத்தோணும்.”

“பிளேஓஃப் முடியட்டும்.”

“அது முடிய யூனி தொடங்கீடும்.”

“அப்ப அடுத்த வருசம் அடிப்பம்.”

“பிள்ளை அதுவரைக்கும் எங்கை படுக்கிறது?”

“பெயின்ற் அடிக்காத சுவருக்குள்ளை நித்திரை வராதோ? நான் கொழும்பிலை லொட்ஜிலை படுக்கேல்லையே?”

பாலாம்பிகை ஜாம் போத்தலை மூடினாள். தம்பித்துரை அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டார். முப்பது வருசக் குடும்ப வாழ்க்கையிலிருந்து ஒன்றுமே படிக்காத மனிதர்.

வெற்றிக் களிப்பில் இன்னொரு வேலையும் பார்த்தார். அவருக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவு போதாது. கோயிலுக்குப் போவார், அது வடைக்கு. ஆனால் பாலாம்பிகை சாமியிடம் வேண்டி நேர்த்தி வைத்தால் நடக்கும். மகளுக்கு யூனிவேர்சிற்றி கிடைத்தது அப்படித்தான். கோயில் திருவிழாவில் கார் நிறுத்த இடம் கிடைத்ததும் அப்படித்தான். இரண்டாவதுதான் பெரிய அற்புதம்.

“இஞ்சாரும், எனக்காக அம்மனுக்கு ஒரு நேர்த்தி வையுமன்.”

“பந்து விளையாட்டுக்கோ?”

“மானத்துக்கு.”

“நேர்த்தி எண்டா பகிடியில்லை. நான் நேர்ந்தாலும் செய்யப்போறது நீங்கள்.”

“செய்வன்.”

“என்னவா இருந்தாலும்?”

“என்னவா இருந்தாலும்!”

“பிறகு மாட்டன் எண்டு நிக்கக்கூடாது.”

“நான் ஆரெண்டு நினைச்சீர்? தம்பித்துரை!”

பாலாம்பிகை சேலையை மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தாள். நெற்றியில் திருநீறு, முகத்தில் ஒரு திருப்தி.

“வைச்சிட்டன்,” என்றாள்.

“என்ன வைச்சனீர்?”

“நிறைவேற முதல் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பலிக்காது.”

அந்த நிமிடத்தில் தம்பித்துரையின் தலைக்குள் ஒரு வண்டு புகுந்தது. என்னவாக இருக்கும்? திங்கட்கிழமை கிரேனில் இருந்துகொண்டு அதையே யோசித்தார். கீழே நின்ற ஜேர்மன்காரன் கையைக் காட்டிக் காட்டி அலுத்துப் போனான்.

“காவடியோ? என்ரை முழங்கால் நிலைமை அம்மனுக்குத் தெரியுமோ?” என்று பின்னேரம் கேட்டார்.

பாலாம்பிகை பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள். “சொல்லேலாது.”

“பிரதட்டையோ? அந்தச் சீமெந்திலை உருண்டா நான் பிறகு எழும்பமாட்டன்.”

“சொல்லேலாது எண்டெல்லோ சொல்லுறன்.”

“மச்சம் மாமிசம் விடுறதோ? எத்தினை மாசம்?”

பாலாம்பிகை ஒரு பெருமூச்சு விட்டாள். அதை அவர் ‘ஓம்’ என்று எடுத்துக்கொண்டார். முற்காப்பாக அன்றைக்கு ஆட்டிறைச்சிக் கறி மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்.

அணியோ அமோகமாக விளையாடியது. நெட்டையன் அடித்த பந்துகள் மைதானத்துக்கு வெளியே போய் விழுந்தன. இடக்கையன் எறிந்ததை ஒருத்தனாலும் தொட முடியவில்லை. வித்தியாசம் ஒன்பதிலிருந்து பதினைந்தானது. வேறு ஆளென்றால் துள்ளிக் குதித்திருப்பான். தம்பித்துரைக்குச் சந்தோசம் பாதி, பயம் பாதி. புள்ளி ஏற ஏற நேர்த்தியும் கிட்ட வருகிறதே!

வியாழக்கிழமை தமிழ்க் கடையில் புஷ்பராணி அக்காவைக் கண்டார். கோயிலில் பாலாம்பிகைக்குப் பக்கத்தில் நின்று கும்பிடுகிறவ. ஊரில் எந்த இரகசியமும் அவவிடம் கொஞ்ச நேரம் தங்கித்தான் போகும்.

“அக்கா, ஞாயிற்றுக்கிழமை இவ என்ன நேர்ந்தவ?”

“ஐயோ தம்பி, அதைச் சொன்னா எனக்குப் பாவம்.”

“பயப்பிடுற மாதிரி ஏதுமோ?”

புஷ்பராணி அக்கா கத்தரிக்காயைக் கீழே வைத்தா. தம்பித்துரையின் தலையை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தா. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

“தலை போற விசயமில்லை, தம்பி. தலையிலை இருக்கிறதுதான் போகும்.”

தம்பித்துரைக்கு விளங்கிவிட்டது. மொட்டை!

இந்த இடத்தில் அவருடைய தலைமயிரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஐம்பத்தாறு வயதிலும் அது காடு. சுருளும் அடர்த்தியும் அப்படியே இருந்தன. கறுப்பு மட்டும் கடையில் வாங்கினது. அந்தப் பன்னிரண்டு சொந்தக்காரர்களில் பதினொரு பேருக்கு நெற்றி பிடரி வரைக்கும் போய்விட்டது. சுவாமிநாதன் கனடாவில் வெயில் காலத்திலும் தொப்பி. குடும்பப் படம் எடுக்கும்போது தம்பித்துரை கடைசி வரிசையில் நின்றாலும் முதலில் தெரிவார். எல்லாரும் அவரைவிடப் பெரிய வீடு வைத்திருந்தார்கள், பெரிய கார் வைத்திருந்தார்கள். அவரிடம் இருந்தது இது ஒன்றுதான்.

அன்று பின்னேரம் பதமாகப் பேச்சைத் தொடங்கினார்.

“அம்மனோடை பேசி, அந்த நேர்த்தியைப் பாற்குடமா மாத்தேலாதோ?”

“வைச்சது வைச்சதுதான்.”

“ஒரு பேச்சுக்குக் கேட்டனான்.”

“உங்களுக்கு ஏன் வேர்க்குது?”

“வெயில்.”

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை முழுவதும் குளியலறைக் கண்ணாடியின் முன்னால் நின்று கணக்குப் போட்டார். வென்றால் பாரிஸ் கலியாணத்துக்கு நாலாம் இடத்துடன் போகலாம், ஆனால் தேங்காய் மாதிரித் தலையுடன். தோற்றால் ஐந்தாம் இடத்துடன் போகவேண்டும், ஆனால் இந்தச் சுருளுடன். சுவாமிநாதன் ‘ஐஞ்சாம் இடம்’ என்று ஒருதரம் சிரிப்பார், அது காதோடு போய்விடும். கலியாண அல்பத்தில் மொட்டைத் தலை நாற்பது வருசம் இருக்கும், பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், கடைசி நாள் ஆட்டங்கள் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. தம்பித்துரை சோபாவில் இருந்து போனைத் திறந்தார். வித்தியாசம் இப்போது பன்னிரண்டு. சும்மா விட்டால் வெற்றி. அவர் நெட்டையனைத் தொட்டு, புள்ளி சேராத ஆட்கள் இருக்கும் வெளி வாங்கிலுக்கு இழுத்தார். சப்பை மூக்கனையும் இழுத்தார். இடக்கையனை இழுக்கும்போது கண் கலங்கிவிட்டது. ஏப்ரலிலிருந்து தன் பிள்ளை மாதிரிப் பார்த்தவன். அவர்களுடைய இடத்தில், கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிற மூன்று பேரைப் போட்டார். போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தலையை ஒருதரம் ஆசையாகத் தடவிக்கொண்டார்.

“என்ன, முகம் ஒருமாதிரிக் கிடக்கு?” என்றாள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த பாலாம்பிகை.

“பதட்டமப்பா. கடைசி நாளெல்லோ.”

திங்கட்கிழமை காலையில் பார்த்தார். நெட்டையன் வாங்கிலில் இருந்தபடியே மூன்று பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்திருந்தான். ஒரு புள்ளியும் சேரவில்லை. சுவாமிநாதன் நாலு புள்ளியால் முன்னுக்கு. தம்பித்துரை ஐந்தாம் இடம். நெஞ்சுக்குள் வலித்தது, அது பொய்யில்லை. ஆனால் கை தானாகத் தலைக்குப் போனது. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. சீப்பை எடுத்து, வகிடு பிரித்து, ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தபடி குசினிக்குள் போனார். போகும்போதே முகத்தைச் சாவீட்டு முகமாக மாற்றிக்கொண்டார்.

“போச்சு, பாலா. ஐஞ்சாம் இடம்.”

“மெய்யாவோ?”

“நெட்டையன் கடைசி நேரத்திலை ஏமாத்திப் போட்டான். என்ன செய்யிறது? அம்மன் கண் திறக்கேல்லை. அந்த நேர்த்தியும் இனி இல்லைத்தானே.”

பாலாம்பிகை கைகளைக் கழுவினாள். சாமிப் படத்துக்குக் கிட்டப் போய், கற்பூரம் கொளுத்தி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஆர் சொன்னது இல்லையெண்டு? அம்மாளாச்சி கைவிடேல்லை. பலிச்சிட்டுது.”

“என்ன பலிச்சது? நான் தோத்தெல்லோ போனன்!”

“ஓம். அதுக்குத்தானே நேர்ந்தனான்.”

தம்பித்துரை கதிரையைத் தேடி உட்கார்ந்தார்.

“கிழமை முழுக்க, என்ன நேர்ந்தனீர் என்ன நேர்ந்தனீர் எண்டு உயிரை எடுத்தியள். எதுக்கு நேர்ந்தனீர் எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை. ‘அம்மாளே, இந்த மனுசன் பந்திலை தோத்து, செப்டெம்பரிலை எங்களோடை டார்ம்ஸ்டாட்டுக்கு வரோணும். தோத்தா உடனை மொட்டை அடிச்சு விடுறன்’ எண்டு நேர்ந்தனான்.”

“அடி பாவி! அது அம்மன் செய்யேல்லை! நானாத்தான் ஆக்களை வெளியிலை இருத்தித் தோத்தனான்! என்ரை தலைமயிருக்காகத் தோத்தனான்!”

“அதை அம்மன் உங்களைக் கொண்டே செய்விச்சிருக்கிறா. எவ்வளவு சக்தி பாருங்கோ.”

போன் அடித்தது. ரொறன்ரோவில் நடுச்சாமம், ஆனால் சுவாமிநாதன் நித்திரை கொள்ளவில்லை. தம்பித்துரை எடுக்கவில்லை. அவர் எழும்பி நின்று கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

“இஞ்சாரும், பாரிசிலை கலியாணம் வருது. பன்னிரண்டு பேரும் நிப்பினம். அது முடிய அடிப்பமே?”

“வெள்ளிக்கிழமை துருக்கிக்காரன்ரை சலூனிலை நேரம் குறிச்சு ரெர்மின் எடுத்தாச்சு. சனிக்கிழமை விடிய டார்ம்ஸ்டாட்,” என்ற பாலாம்பிகை, அவருடைய தலையைப் பக்குவமாக இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். “நல்லதுதானே. மேல் சுவருக்குப் பெயின்ற் அடிக்கேக்கை தலையிலை சிந்தினாலும், ஒரு துணியாலை துடைச்சாப் போயிடும்.”