பொறுமைப் பட்டையும் ஆனந்தராசாவின் கலியாண லீவும்

வளைகுடாப் பக்கம் குதைபியாவில் வீணை, வயலின், மிருதங்கம், கீபோர்டு எல்லாம் விற்கிற ஒரு கடை இருக்கிறது. பெயர் வேண்டாம், முதலாளி தமிழ் படிப்பார். அங்கே பதினோரு வருசமாக விற்பனையாளராக நிற்கிறவர் ஆனந்தராசா. சாவகச்சேரிக்காரர், வயது முப்பத்தாறு, இன்னும் கலியாணம் ஆகவில்லை. பெண் கிடைக்காமல் இல்லை. ஊரில் படிப்பிக்கிற மதுஷா என்கிற ரீச்சரோடு எல்லாம் பேசி முடித்தாயிற்று. லீவுதான் கிடைக்கவில்லை. இரண்டு தரம் நாள் குறித்து, இரண்டு தரமும் தள்ளிப்போட்டாயிற்று. மூன்றாம் தரமும் தள்ளினால் வேறு இடம் பார்ப்போம் என்று பெண்ணின் தகப்பனார் சொல்லிவிட்டார்.

இப்படியான நேரம் பார்த்துத்தான் தலைமை அலுவலகத்தை மகிழ்ச்சி பிடித்தது. இந்தப் பக்கமெல்லாம் இப்போது அதுதானே நாகரிகம். பல் பிடுங்குகிற இடத்தில்கூடச் சிரிக்கிற முகம், அழுகிற முகம் போட்ட பொத்தான்களை வைத்து, எதை அமுக்குகிறீர்கள் என்று பார்க்கிறார்கள். நம்முடைய கடை மட்டும் பின்தங்கலாமா? அதுவரை ஆளெடுக்கும் பிரிவில் இருந்த பிரபாவதி மேடம் ஒரே நாளில் மகிழ்ச்சி மேலாளர் ஆனார். நாற்காலி அதே நாற்காலிதான்.

அவர் விட்ட முதல் சுற்றறிக்கை: “வாடிக்கையாளர் எத்துணை இழிவாகப் பேசினும் ஊழியர் சாந்தம் குன்றாதிருத்தல் வேண்டும். இதன்பொருட்டு சகல ஊழியரும் மணிக்கட்டில் பொறுமைப் பட்டை அணிதல் கட்டாயமாகும்.” நாடித்துடிப்பு தொண்ணூறைத் தாண்டினால் பட்டை சிவக்கும், தலைமை அலுவலகத்துக்குத் தகவல் போகும். தொடர்ந்து முப்பது நாள் சிவக்காதவருக்கே லீவு.

ஆனந்தராசா விடுவாரா? அவரிடம் ஒரு வித்தை இருந்தது. வாடிக்கையாளர் குரல் உயர்ந்ததும் மேசையடியில் இருக்கிற சுருதிப்பெட்டியைத் தட்டிவிடுவார். அது ‘ம்ம்ம்’ என்று இழுக்க, மூச்சை அதோடு சேர்த்துவிட்டால் எதிரில் நிற்கிறவர் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். இருபத்தொன்பது நாள் இப்படியே ஓட்டிவிட்டார், பட்டையும் பச்சையாகவே இருந்தது.

முப்பதாம் நாள் ஐயப்பன் வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், போன வாரம் மகளுக்கு வயலின் வாங்கிப் போனவர். பெட்டியை மேசையில் தூக்கிப் போட்டார். ஒரு வாரமாகப் பிள்ளை இழுக்கிறாளாம், ஒரு வர்ணம்கூட வரவில்லையாம், பூனை கத்துகிற மாதிரியே இருக்கிறதாம். ஆகையால் வயலின் பழுது. வர்ணம் வருகிற வயலினாகப் பார்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். பிள்ளை பழக ஆறு வருசமாகும் என்று ஆனந்தராசா பணிவாகச் சொன்னதும், அப்படியானால் உத்தரவாத அட்டையில் அதை ஏன் போடவில்லை என்று தொடங்கியவர், கடையை, முதலாளியை, ஆனந்தராசாவின் மூக்கை, அந்த மூக்கை அவருக்குக் கொடுத்த பரம்பரையை என்று நாற்பது நிமிசம் விடாமல் திட்டினார். ஆனந்தராசா சுருதியோடு கரைந்து நின்றார். நாடி ஐம்பத்தாறு.

மறுநாள் காலை லீவுக் கடிதத்தை எதிர்பார்த்து மின்னஞ்சலைத் திறந்தால், வந்திருந்தது எச்சரிக்கைக் கடிதம். ‘பணி நேரத்தில் நாற்பது நிமிட உறக்கம். விடுமுறை ரத்து.’ மனுசனுக்கு உலகமே இருண்டுவிட்டது. நேரே பிரபாவதியிடம் ஓடினார்.

“நான் நித்திரை கொள்ளேல்லை மேடம். அந்த ஆள் ஏசிக்கொண்டு நிண்டவர், நான் கேட்டுக்கொண்டு நிண்டனான்.”

“அவ்வளவு திட்டினா யாருக்காவது நாடி ஐம்பத்தாறுல நிக்குமா? நீங்களே சொல்லுங்க.”

“அமைதியா இருக்கச் சொன்னது நீங்கள்தானே?”

“முழிச்சுக்கிட்டு அமைதியா இருக்கச் சொன்னோம். அறுபதுக்குக் கீழ போயிட்டா சிஸ்டத்துல அது தூக்கம்.”

“கமெராவில பாருங்கோ, கண் திறந்துதானே இருக்கு.”

“பாத்தாச்சு. கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்கினதா எழுதியிருக்கேன். அது இன்னும் மோசம்.”

கடைசியில் பாவம் பார்த்து ஒரு வழி சொன்னார். திட்டியவரே, ‘நான் திட்டியது உண்மை, அவர் விழித்திருந்ததும் உண்மை’ என்று கையெழுத்திட்டுத் தந்தால் மறுபரிசீலனை செய்யலாமாம். என்னை ஏசினதுக்கு ஒரு சேட்டிபிகேட் தாருங்கோ என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

போக வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் ஐயப்பனே வந்து நின்றார், கையில் ஒரு பெட்டி அல்வா. “தப்பா எடுத்துக்காதீங்க அண்ணாச்சி. போன் கம்பெனியில புகார் கவுன்டர்ல இருக்கேன். காலைல இருந்து ஊரே வந்து என்னைத் திட்டும். நான் சிரிக்கணும்.” சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினார். அவர் மணிக்கட்டிலும் அதே பட்டை. “நேத்து உங்களைத் திட்டிட்டுப் போய்ப் படுத்தேன். ரெண்டு வருசத்துல அப்படி ஒரு தூக்கம் தூங்கினதில்ல.”

கேட்ட மாத்திரத்தில் எழுதியும் கொடுத்தார். ஆர்வக் கோளாறில் நான்கு வரி கூடுதலாகவே எழுதினார். திட்டியதால் மனம் லேசானது, இப்படிப் பொறுமையாகத் திட்டு வாங்குகிறவரை இந்த வளைகுடாவில் கண்டதில்லை, தன் அலுவலகத்தில் மற்றவர்களையும் அனுப்பிவைப்பதாக உத்தேசம்.

அந்த நான்கு வரிதான் ஆனந்தராசாவுக்கு வினையாகப் போனது. கடிதம் தலைமை அலுவலகத்துக்குப் போய், அங்கே கூட்டம் போட்டு, வாரக் கடைசியில் கடை வாசலில் பலகை ஏறிவிட்டது: ‘மனச்சுமை இறக்கும் சேவை. ஒருவருக்குப் பத்து நிமிடம். டோக்கன் அவசியம்.’ புகார் கவுன்டர்காரர்கள், ஆஸ்பத்திரி வரவேற்பறைக்காரர்கள், ஹோட்டல் சிப்பந்திகள் என்று பட்டை கட்டிய கூட்டமெல்லாம் வரிசையில் நின்றது. போகும்போது வெட்கத்துக்கு ஆளுக்கொரு புல்லாங்குழலாவது வாங்கிக்கொண்டு போனார்கள். தூங்கியதாகச் சொன்ன குற்றச்சாட்டு நீங்கியது. ஆனால் லீவு? ‘தாங்கள் இன்றியமையாத ஊழியராகிவிட்டமையால், வாடிக்கையாளர் மகிழ்ச்சியை முன்னிட்டு, விடுமுறை ஒத்திவைக்கப்படுகிறது.’

மதுஷாவிடம் இதை எப்படிச் சொல்வது? தயங்கித் தயங்கி, சாப்பாட்டு இடைவேளையில் போன் எடுத்துச் சொன்னார். அவள் முதலில் அழுதாள், பிறகு ஏசத் தொடங்கினாள். மூன்று வருசத்துக் கோபம், கொஞ்சமா நஞ்சமா? உண்மையில் ஆனந்தராசாவுக்கும் அழவேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் குரல் உயர்ந்ததும் கை பழக்கத்தில் மேசையடிக்குப் போய்விட்டது. சுருதிப்பெட்டி இழுக்கத் தொடங்கியது. அவள் பேசி முடித்ததும் இவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

“உங்கட உணர்வை முழுமையா மதிக்கிறம். வேற ஏதும் உதவி தேவையோ?”

“ஒரு சண்டைகூடப் பிடிக்கத் தெரியாத ஆளோட நான் எப்பிடிச் சீவிக்கிறது?” என்று கேட்டாள் மதுஷா. கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். பின்னேரமே தகப்பனார் போன் எடுத்துச் சொல்லிவிட்டார், கலியாணம் இல்லை.

பட்டை எல்லாவற்றையும் பதிந்துதான் வைத்திருந்தது. இருபத்திரண்டு நிமிசம், நாடி அறுபத்தொன்று, முழு விழிப்பு. அந்த வருசத்தின் அதியுயர் சாந்தம் என்று தலைமை அலுவலகம் பாராட்டி, விசேட வெகுமதியாக ஒரு மாதத் திருமண விடுமுறையை உடனே அனுமதித்தது. அவர் இடத்தில் நின்று திட்டு வாங்கத் துபாய் கிளையிலிருந்து சஜீவன் என்பவரை வரவழைத்தது.

கிடைத்த லீவை வீணாக்கலாமா? மறுநாள் காலை ஆனந்தராசா பட்டையைக் கழற்றி அறையில் வைத்துவிட்டு வந்து, தன் கடை வாசலிலேயே டோக்கன் எடுத்தார். அவருக்கு முன்னால் பதினான்கு பேர் நின்றார்கள். மூன்றாவதாக நின்றவர் பிரபாவதி மேடம்.