நாற்பத்தோரு பேரைப் பூட்டிய என் மூன்று வாக்கியங்கள்

அன்பும் அதைவிடப் பொறுமையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம், உங்கள் அத்தையும் நலம். அவள் நலமான கதையில் கொஞ்சம் சிக்கல் இருப்பதால் பதறாமல் வரிசையாகப் படிக்கவும். இது உங்கள் கண்ணுக்கு மட்டும். என் மகளிடம்கூடக் காட்ட வேண்டாம். அவளிடம் சொன்னால் அடுத்த நிமிடம் அவள் அம்மாவுக்குப் போய்விடும்.

ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா கிடந்தவனை உங்கள் நண்பரின் கம்பெனியில் நீங்கள்தான் சேர்த்துவிட்டீர்கள். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி, மூன்று அறை, எனக்கு ஜன்னலோர நாற்காலி. ஒரு மருத்துவமனைக்காக ஏஐ ஏஜென்ட் ஒன்று செய்கிறார்கள். நோயாளி தன் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் சரிபார்த்து, டெஸ்ட் முடிவைக் காட்ட வேண்டியது அதன் வேலை. கடிதம் அனுப்புவது போன்ற சில்லறை வேலைக்கும் அதன் கையில் டூல், அதாவது கருவி, உண்டு; நோயாளியை உள்ளே விடுகிற வேலைக்கு மூன்று. ஒன்று பாஸ்வேர்டைச் சோதிக்கும், ஒன்று மாற்றும், ஒன்று கணக்கைப் பூட்டும். எந்த டூல் எதற்கு என்று எழுதிவைக்க வேண்டியது என் பொறுப்பு. முப்பத்திரண்டு வருஷம் ஆபீஸ் கடிதம் எழுதிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? அரை மணி நேரத்தில் முடித்தேன். முதல் டூலுக்கு, "உள்நுழைவோரின் பெயர், பாஸ்வேர்ட் பற்றி உரிய நடவடிக்கை எடுக்கும்." இரண்டாவதற்கு "பற்றி"யை எடுத்துவிட்டு "குறித்து". மூன்றாவதற்கு "தொடர்பாக". ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நன்றாகவா இருக்கும்? மேனேஜர் படிக்காமலே ஓகே சொன்னார். நல்ல அதிகாரிக்கு அதுதான் அழகு.

ஏஜென்டை ஓடவிட்டது செவ்வாய்க்கிழமை காலை. அதே மருத்துவமனையிலிருந்து உங்கள் அத்தைக்கு முடிவு வரவேண்டியதும் அன்றைக்குத்தான். கழுத்தில் ஒரு கட்டி, மாப்பிள்ளை. ஊசி போட்டு அதிலிருந்து கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பத்து நாளில் பீரோவை மூன்று முறை ஒழித்து அடுக்கிவிட்டாள். எனக்கும் சோறு இறங்கவில்லை.

பதினொரு மணிக்கு போன். "ஏங்க, என் கணக்கைப் பூட்டிட்டேன்னு சொல்லுதுங்க."

"பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சிருப்பே."

"நம்ம கல்யாண நாளுங்க. நீங்கதான் முப்பத்து மூணு வருஷமா மறக்கறீங்க, நான் மறப்பேனா?"

பக்கத்து நாற்காலியில் இருக்கும் இன்ஜினியர் பெண்ணிடம் ஓடினேன். அவள் திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். காலையிலிருந்து உள்ளே வந்த நாற்பத்தோரு பேரையும் ஏஜென்ட் சோதிக்கவே இல்லை, நேராகப் பூட்டியிருக்கிறது!

"மிஷினுக்கு மூளை கெட்டுப்போச்சாம்மா?"

"சார், நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் அது எந்த டூல்னு முடிவு பண்ணும். மூணும் ஒண்ணாவே இருக்கே சார். எது பார்க்குறது, எது பூட்டுறதுன்னு எனக்கே புரியல."

அப்போதுதான் உறைத்தது, மாப்பிள்ளை. எங்கள் பழைய ஆபீசில் கடிதம் எழுதுவதே நாளைக்கு எழுதினவன் மாட்டக் கூடாது என்பதற்காகத்தான். யார் செய்வார், எப்போது செய்வார், என்ன செய்வார் என்று ஒன்றும் இருக்காது; "உரிய நடவடிக்கை" மட்டும் இருக்கும். அந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வித்தைதான் என் பெண்டாட்டியை வெளியே நிறுத்திவிட்டது. உடனே உட்கார்ந்து எழுதினேன்: "இந்த டூல் பெயரும் பாஸ்வேர்டும் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும். ஆம் அல்லது இல்லை என்று சொல்லும். எதையும் மாற்றாது, யாரையும் பூட்டாது. உள்ளே வர யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் பயன்படுத்த வேண்டும்." அடுத்து: "இந்த டூல் கணக்கைப் பூட்டிவிடும். சோதித்துப் பார்க்க இதைத் தொடக் கூடாது. தொடர்ந்து ஐந்து முறை தப்பான பாஸ்வேர்ட் வந்தால் மட்டும்." என் சர்வீசிலேயே முதல் தடவையாக, படித்தவுடன் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறேன்!

இன்ஜினியர் பெண் எல்லாக் கணக்கையும் திறந்துவிட்டாள். மூன்று மணிக்கு மறுபடி போன். "வெறும் கொழுப்புக் கட்டிதானாங்க. ஒண்ணுமில்லையாம்." மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதேன், மாப்பிள்ளை. சொல்வதற்கென்ன வெட்கம்?

சாயங்காலம் அவள் சொன்னாள்: "சரிபண்ணிக் கொடுத்த மகராசன் நல்லா இருக்கணும். ஆனா நாலு மணி நேரம் என் உசுரை வாங்கினானே, அந்தப் பூட்டின மடையன், அவன் மட்டும் கையில கிடைச்சா நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்!" இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நான் சொல்லவில்லை. மேனேஜரும் ஏஜென்டைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறார். அதுவும் பாவம், எதிர்த்துப் பேசவில்லை.

இப்போது இந்தத் தொழிலில் நான் புலி. இக்கடிதத்தையே நம் ஏஜென்டிடம் கொடுத்துத்தான் அனுப்புகிறேன், நீங்களும் என் திறமையைப் பார்க்க வேண்டும் அல்லவா? நீங்களும் என் மகளும் பேரனும் எல்லாச் செல்வமும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ஆசிகளுடன்,
மாமா

பின்குறிப்பு: இதை மட்டும் என் வீட்டு வாசலில் நின்று போனில் நானே அடிக்கிறேன். கடிதம் அனுப்பும் டூலுக்கு முதல் வாரமே எழுதியதைத் திருத்த மறந்துவிட்டேன். "கடிதத்தை உரியவர்களுக்கு அனுப்பும்" என்று இருக்கிறது. மேனேஜர், இன்ஜினியர் பெண், என் மகள், உங்கள் அத்தை உட்பட அந்த நாற்பத்தோரு பேர், எல்லோரும் உரியவர்கள் என்று ஏஜென்ட் முடிவு செய்திருக்கிறது. உங்கள் அத்தை கேட்க வேண்டிய நாலு வார்த்தையையும் ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டாள். கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறது. பாஸ்வேர்ட் சொன்னால்தான் திறப்பாளாம். இரண்டு முறை தப்பாகச் சொல்லிவிட்டேன். இன்னும் மூன்று வாய்ப்புதான் பாக்கி. மாப்பிள்ளை, என் மகளைக் கேட்டு எங்கள் கல்யாணத் தேதியை உடனே அனுப்பவும். எனக்கு மட்டும்.