பொலிகாளைக்குக் காட்டிய சூடம்

முருகனைத் தவிர வேறு யாருக்கும் நான் சூடம் காட்டியதில்லை என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். வீட்டுக்குள் சொன்னால் என் மனைவி சிரிப்பாள்.

எழுபதுகளில் எங்கள் நாட்டுக்கு இந்தியப் படங்களை இறக்குமதி செய்ய ஏகப்பட்ட கட்டுப்பாடு. ஹட்டன் தியேட்டரில் ஓடிய பழைய படங்களையே திரும்பத் திரும்பப் பார்த்து, வட்டவளையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கைக்குழந்தைகூட வசனம் பேசும் நிலை. அப்போதுதான் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா சொன்னார்: "இந்தியத் தூதரகத்து வேன் வருதுப்பா. ரெண்டு நாட்டுக்கும் நட்பு வளர, மைதானத்துல படம் காட்டுறாங்களாம்."

நட்பு வளர்க்க இந்தியா எதை அனுப்பும்? எங்கள் நாயகன் நடித்த படத்தைத்தான்! (நான் பிரதமராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.) கோயில் கமிட்டியில் இருந்த தைரியத்தில், லயத்து வீடு வீடாகத் தப்படித்து அறிவித்துவிட்டேன்.

படம் காட்டும் நாளில்தான் கந்தப்பளையிலிருந்து ஒரு கங்காணி, தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க என் வீட்டுக்கு வந்திருந்தார். "படத்தைப் பாத்துட்டு, காலையில முடிவு சொல்றேன் தம்பி" என்றார். அந்தப் பெண்ணைத் தேர்த் திருவிழாவில் பார்த்ததிலிருந்து முருகனிடம் நான் வேறெதுவும் கேட்டதில்லை.

திரையில் நாயகன் முகம் தெரிந்ததும் சூடம் காட்டுவது எங்கள் வழக்கம். வெளிச்சம் விழுந்ததும் தேங்காயை உடைத்தேன். சூடத்தைக் கொளுத்தி, கண்ணை மூடிக்கொண்டு தட்டைச் சுற்றினேன். "முருகா, இந்தச் சம்பந்தத்தை முடிச்சுக் குடுப்பா!"

விசிலையே காணோம். கண்ணைத் திறந்தால், திரை நிறைய ஒரு பொலிகாளை! கால்நடை வளர்ப்புப் படமாம். அது என்னைப் பார்த்து நிதானமாக அசைபோட்டது.

"டேய், ஒன் ஹீரோவுக்குக் கொம்பு மொளைச்சிருச்சுடா!" பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். மைதானமே சிரித்து உருண்டது. கங்காணி மட்டும் சிரிக்கவில்லை.

வேனோடு வந்த தமிழ்நாட்டு அதிகாரியோ கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க படத்துக்கு இப்படியொரு மரியாதைய எங்கேயும் பார்த்ததில்லைங்க. இனி மாசாமாசம் அனுப்புறோம்!" (அனுப்பினார்கள். உரம், அணைக்கட்டு, கோழிப் பண்ணை. தோட்டமே என்னைத் திட்டித் தீர்த்தது.)

இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. காலையில் கங்காணி என் வீட்டாரைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "மாட்டுக்கே இம்புட்டு மரியாதை குடுக்குறவரு, எம் புள்ளைய நல்லா வச்சுக்குவாரு. தை மாசமே கல்யாணத்த வச்சுக்கலாம்."

இன்றைக்கும் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால், பேரப்பிள்ளைகள் முன்னாலேயே அவள் கேட்பாள்: "ஏங்க, அந்தக் காளைக்குச் சூடமே காட்டுனீங்க. எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தித் தரக்கூடாதா?"

எழுந்துபோய் ஊற்றிக் கொடுத்துவிடுவேன். மாமா அந்த நம்பிக்கையில்தானே பெண் கொடுத்தார்!