ஏட்டையா வாங்கிய உப்பு

மேலகரம்,
ஆனி மாதம், சாரல் விடாத ஒரு காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் சுந்தரபாண்டி அவர்களுக்கு, ஓய்வு பெற்ற ஏட்டும் தங்கள் தங்கை சங்கரம்மாளின் கணவனுமாகிய பலவேசம் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆய்க்குடி முருகன் புண்ணியத்தில் அங்கே தாங்களும் வள்ளித்தாய் அக்காவும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் எழுதினால் பொய்க்கணக்கில் சேர்ந்துவிடும் என்பதால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.

செல்போன் காலத்தில் இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். சங்கரம்மாளுக்கு அடித்தால் ஒரு மணியோடு நின்றுவிடுகிறது. தங்களுக்கு அடித்தால், தாங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் சொல்கிறாள். ஆய்க்குடி எந்தக் காலத்தில் எல்லைக்கு வெளியே போனது மச்சான்? தங்கை அழுதுகொண்டு வந்து இறங்கினால் எந்த அண்ணனும் அப்படித்தான் செய்வான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. கடிதம் என்றால் வள்ளித்தாய் அக்கா பிரித்துச் சத்தமாகப் படிப்பார்கள், சங்கரம்மாள் அடுக்களையில் இருந்தபடி கேட்காத மாதிரி கேட்பாள். அதனால்தான் எழுதுகிறேன். அவளைத் திருப்பி அனுப்பி வையுங்கள் என்பதுதான் விஷயம். பால் மாவு டப்பாவைப் பற்றி அவள் சொல்லியிருப்பாள். அது நிஜம். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் தாங்கள் கேட்க வேண்டும்.

கடல் வழியில் எங்கோ சண்டை, கப்பல் வராது, எண்ணெய் வராது, கேஸ் வராது என்று டிவியில் காலை முதல் கத்திக்கொண்டிருந்தார்கள். சத்தியமாக நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாரலில் உப்பு ஜாடி நீர்விட்டுப் போயிருந்தது, ஒரு பாக்கெட் வாங்கி வாருங்கள் என்று சங்கரம்மாள் சொன்னாள், குடையை எடுத்துக்கொண்டு பேச்சிராஜ் அண்ணாச்சி கடைக்குப் போனேன். ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டு திரும்பும்போது எதிரே உமாதேவி டீச்சர் வந்தார்கள். என் கையைப் பார்த்தார்கள். "என்ன ஏட்டையா, ரெண்டு உப்பு? எதுவும் விசேஷமா?" என்று கேட்டார்கள். ஒன்றும் இல்லை டீச்சர், ஜாடி நீர்விட்டுவிட்டது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மச்சான், காக்கிச்சட்டை போட்டவனிடம் ஊர்க்காரன் எதைக் கேட்டாலும் அவனுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிப் பழக்கம் கிடையாது. தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் குரலைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர வேண்டும், அதுதான் மரியாதை. அந்தப் பழக்கத்தில், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "எதுக்கும் கொஞ்சம் சூதானமா இருந்துக்கோங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன். அதை மறந்தும் போனேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரே காலடிச் சத்தம். எட்டிப் பார்த்தால் சாக்கும் பையும் வாளியுமாக ஜனங்கள் கடைப் பக்கம் ஓடுகிறார்கள். முழங்கால் வலி என்று படியிறங்காத மனிதர்கள் எல்லாம் ஓடுகிறார்கள். ஒருவரை நிறுத்தி என்ன என்று கேட்டேன். "உப்பு வராதாம், தீப்பெட்டி வராதாம். போலீஸ்லயே சொல்லிட்டாகளாம் ஏட்டையா, உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டு நிற்காமல் ஓடினார். எனக்குப் பகீர் என்றது. போலீசே சொல்லிவிட்டதா! ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்குத் தகவல் வரவில்லை என்று நினைத்தேன். தூத்துக்குடி உப்பளத்தில் இருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம், இந்த ஊருக்கு உப்பு எப்படி வராமல் போகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. சாக்கை எடுத்துக்கொண்டு நானும் ஓடினேன்.

என்னைப் பார்த்ததும் கூட்டம் அடங்கும் என்று பார்த்தால் இன்னும் பெருகியது. "ஏலே, ஏட்டையாவே ரெண்டாவது தடவை வந்துட்டாருலே!" என்று ஒரு குரல். "வழி விடுங்கலே" என்று மரியாதையாக உள்ளே தள்ளியும் விட்டார்கள். கடைக்குள் போன பிறகு என் கை என் பேச்சைக் கேட்கவில்லை மச்சான். உப்பு மூட்டை, தீப்பெட்டிக் கட்டு, மெழுகுவர்த்தி, அப்பளம், ரவை, சோப்பு என்று கண்ணில் பட்டதை எல்லாம் அள்ளினேன். பக்கத்தில் நின்றவர் ஊதுபத்திக் கட்டை எடுத்தார், நானும் பிடுங்காத குறையாக எடுத்தேன். சண்டைக்கும் ஊதுபத்திக்கும் என்ன சம்பந்தம் என்று பிறகு ஒருநாள் அவரிடமே கேட்டேன். "நீங்க அதைப் பாத்தீக, அதான் எடுத்தேன்" என்றார். இப்படித்தான் அன்றைக்கு ஊரே சாமான் வாங்கியது. யாருக்கும் சாமான் வேண்டியிருக்கவில்லை. அடுத்தவன் வாங்கி நமக்கு இல்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான் எல்லாரையும் பிடித்து உலுக்கியது. அந்தப் பயம் வந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரிவதில்லை, அவன் கைதான் தெரிகிறது.

அந்த நேரத்தில்தான் மேல் அடுக்கில் கடைசியாக இருந்த டப்பா ஒன்றை எடுத்தேன். என்ன டப்பா என்றுகூடப் பார்க்கவில்லை. கடைசி என்பது மட்டும்தான் தெரிந்தது. பின்னால் இருந்து, "மாமா" என்று கூப்பிட்டாள் நம் பக்கத்து வீட்டு ராபியா. ஆட்டோ ஓட்டுகிற மசூதுவின் பெண்டாட்டி, தங்களுக்குத் தெரியும். பிள்ளை பிறந்து இன்னும் தலை நிற்கவில்லை. நனைந்துபோய் நின்றாள். "அது பச்சப்பிள்ளைக்குக் கரைக்கிற பால் மாவு மாமா. உங்க வீட்ல யாருக்கு?" என்று கேட்டாள். நான் டப்பாவைப் பார்த்தேன். சிரிக்கிற பிள்ளைப் படம் போட்டிருந்தது. அந்த இடத்திலேயே நீட்டியிருக்க வேண்டும். சுற்றிலும் பத்துக் கை நீண்டிருக்கிறது, விட்டால் அவளுக்கும் போய்ச் சேராது என்று ஒரு நினைப்பு வந்தது. அது சாக்குதான், நிஜத்தில் விட மனம் வரவில்லை. "டீ போடலாம்ல" என்றேன். மச்சான், அந்த வார்த்தை என் வாயில் இருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவள் சண்டை போடவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு சாரலில் இறங்கிப் போய்விட்டாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுகிற சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. மசூது ஆட்டோவை எடுத்துக்கொண்டு தென்காசிக் கடைகளையெல்லாம் சுற்றிவிட்டுச் செங்கோட்டைக்குப் போயிருக்கிறான் என்று சங்கரம்மாள் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். சொல்லிக்கொண்டே என் மூட்டைகளைப் பிரித்து அடுக்கியவள், அந்த டப்பாவை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. திரும்பி வந்தவள் அலமாரியைத் திறந்து சேலைகளைப் பையில் வைத்தாள். நான் வாசலை மறித்து நின்றேன். "ஐந்தருவி டூட்டில எவனாவது 'வெள்ளம் வருது'ன்னு கத்துனா ஊரே ஓடும், நீங்க விசில் ஊதிக்கிட்டு அங்கனயே நிப்பீக. நான் பாத்திருக்கேன். அந்த மனுசனுக்குத்தான் இத்தன வருசமா சோறு போட்டேன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு பஸ் ஏறிவிட்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. அவள் புகழ்ந்ததுதான் மச்சான் என்னைக் கொன்றுவிட்டது.

இனி சாமான்களின் கதி. குற்றாலத்தில் அருவி கொட்டுகிற மாதத்தில் மேலகரத்தில் உலர்ந்த துணி கிடையாது என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், உப்பு மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தவனுக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டாம் நாளே மூட்டை அழ ஆரம்பித்தது. மூன்றாம் நாள் கூடத்தில் ஓடியது. ஊரில் ஐந்தருவி என்றால் என் வீட்டில் ஆறாவது. அந்தத் தண்ணீரில் தீப்பெட்டிகள் ஊறிவிட்டன, கிழித்தால் மருந்து சந்தனம் போலக் குச்சியில் இருந்து வழிகிறது. அப்பளத்தைக் கைக்குட்டை போல மடிக்கலாம். ரவையில் வண்டு விழுந்தது. யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று உப்பைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினால், எதிர்வீட்டுக்காரர் எனக்குக் கொடுப்பதற்காக உப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பேச்சிராஜ் அண்ணாச்சி கடையிலோ அதற்குள் லாரி வந்து எல்லா அடுக்கும் நிரம்பி வழிகிறது. "திருப்பி எடுத்துக்கிடுதீகளா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "நீங்க என்ன ஏட்டையா, இங்கயே உப்பு கடலாக் கெடக்கு, கடல்ல இருந்து அள்ளுனத கடல்லயே விடச் சொல்லுதீக" என்று சிரித்தார்.

இதற்கு நடுவில் ஸ்டேஷனில் இருந்து ஆள் வந்து கூப்பிட்டதும் போனேன். புதிதாக வந்திருக்கும் எஸ்.ஐ. எபனேசர் தங்கமான பையன், எழுந்து நின்று நாற்காலி போட்டார். "போலீஸ் சொன்னதா யாரோ வதந்தி கிளப்பியிருக்கான் சார். உங்களுக்கு ஊர்ல எல்லாரையும் தெரியும், யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுக் குடுங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பழைய பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். இவர் அவர் சொன்னதாகச் சொன்னார், அவர் இன்னொருவரைக் காட்டினார், கடைசியில் விசாரணை உமாதேவி டீச்சர் வீட்டில் வந்து நின்றது. "டீச்சர், படிச்சவுக நீங்களே இப்படிச் செய்யலாமா? உங்களுக்கு யாரு சொன்னா?" என்று அதட்டினேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். "நீங்கதானே ஏட்டையா?" என்றார்கள். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன் மச்சான். எபனேசரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கக் கூடாது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. சங்கரம்மாள் போன மறுநாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால் மசூது தூக்குச்சட்டியோடு நிற்கிறான். சோறும் மீன் குழம்பும். "எதுக்குப்பா?" என்றேன். "அத்தை பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ராபியாட்ட சொல்லிட்டுப் போயிருக்காக. 'அந்த மனுசனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது, பட்டினி கெடப்பாரு, ஒரு வாய் குடுத்துரு தாயி'ன்னு" என்றான். அன்றிலிருந்து தினமும் வருகிறது. யார் பிள்ளையின் வாயில் இருந்து பிடுங்கினேனோ அவள் வடிக்கிற சோற்றைத் தின்கிறேன். ராபியாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மாமா, அன்னைக்கு எல்லாரும் அப்படித்தான இருந்தாக" என்றாள். அதுதான் தொண்டையில் நிற்கிறது. எல்லாரும் அப்படி இருந்தார்கள் என்பது நிஜம். எல்லாரையும் போல இருக்கக் கூடாது என்றுதானே என்னைக் கம்பு கொடுத்து அருவிக்கரையில் நிறுத்தியிருந்தார்கள்?

மச்சான், நான் திருந்திவிட்டேன். இனி இந்த வீட்டுக்குள் அன்றன்றைக்கு வேண்டியது மட்டும்தான் வரும். தெருவில் எவன் ஓடினாலும் நான் திண்டில் சாய்ந்து பேப்பர் படிப்பேன். யார் என்ன கேட்டாலும் ஒன்றும் இல்லை என்று தெளிவாகச் சொல்வேன். இதை முருகன் மீது ஆணையாக எழுதுகிறேன். கூடத்தைக் கழுவி வைத்திருக்கிறேன். அவள் இல்லாத வீடு எனக்கு வேண்டாம். கடிதம் கிடைத்த அன்றே அவளை வண்டி ஏற்றிவிடுங்கள். நான் பஸ் ஸ்டாப்பில் குடையோடு நிற்கிறேன்.

வள்ளித்தாய் அக்காவுக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகள் நூறு வயது வாழ்ந்து நல்ல உத்தியோகம் பார்க்க மனமார்ந்த ஆசி. குற்றாலநாதர் துணையில் இரு வீட்டு அடுப்பும் குறைவின்றி எரியட்டும்.

என்றும் தங்கள் அன்பிற்குக் கட்டுப்பட்ட மாப்பிள்ளை,
சு. பலவேசம்

பின்குறிப்பு: தபால் பெட்டி வரைக்கும் போனவன், திரும்பி வந்து உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். போகிற வழியில் பேச்சிராஜ் அண்ணாச்சி கடையில் பால் மாவு வந்து இறங்கியிருந்தது. ராபியாவின் பிள்ளைக்கு இனி ஒருநாளும் குறை வரக் கூடாது என்று நல்ல மனதோடுதான் மச்சான் அடுக்கில் இருந்த அத்தனை டப்பாவையும் வாங்கினேன். படி இறங்கும்போது கைப்பிள்ளையோடு ஒரு பெண் ஏறிப் போனாள். "பால் மாவு இருக்கா அண்ணாச்சி?" என்று அவள் கேட்டதும், "இப்பத்தான் ஏட்டையா மொத்தத்தையும் அள்ளிட்டுப் போறாரு" என்று அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. திரும்பிப் போய் அவள் கேட்டதைக் கொடுத்துவிட்டு, மீதியையும் அடுக்கிலேயே வைத்துவிட்டு, ராபியாவுக்கு ஒன்றே ஒன்றோடு வெளியே வந்தேன். வாசலில் உமாதேவி டீச்சரும் நாலைந்து பேரும் நின்றார்கள். என்ன ஏட்டையா என்று கேட்டார்கள். தங்களுக்கு ஆணையிட்டுக் கொடுத்த வார்த்தையை நினைத்துக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டி, "ஒண்ணும் இல்ல, சத்தியமா ஒண்ணுமே இல்ல" என்று உரக்கச் சொன்னேன். "ஏட்டையாவே இந்த அளவுக்கு இல்லைன்னு சொல்லுதாருன்னா பெருசா என்னமோ வருது" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. இப்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். பிள்ளைகுட்டி இல்லாதவர்கள் எல்லாம் பால் மாவுக்கு வரிசையில் நிற்கிறார்கள், முன்னால் டீச்சர் சாக்கோடு நிற்கிறார்கள். விசிலைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். ஆகவே மச்சான், தங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், சங்கரம்மாளை இந்த வாரம் அனுப்ப வேண்டாம்.