வெள்ளகோவில் சபையில் கென்யாப் பெட்டி

எங்கள் பக்கத்தில் யாரும் தானாக ஊருக்குப் போய்விட முடியாது. ஒறம்பரை (சொந்தபந்தத்துக்கு எங்கள் ஊர்ச் சொல்) கூடி அனுப்பி வைத்தால்தான் உண்டு. பழனிக்கு மொட்டை போடப் போவதற்கே நாலு வீட்டு யோசனை வந்து சேரும். நாங்களோ கென்யாவுக்குக் கிளம்பினோம். நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. வீட்டுக்காரருக்குச் சூலூரில் மோட்டார் பம்பு கடை. அந்தக் கோடையில் கிணறெல்லாம் வற்றி, ஊரே போர்வெல் போட்டுக்கொண்டிருந்ததால் மோட்டார் பிய்த்துக்கொண்டு விற்றது. பம்பு கம்பெனிக்காரர்களுக்கு மனசு குளிர்ந்துபோய், நன்றாக விற்ற டீலர்களைச் சம்சாரத்தோடு கென்யாவுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். முதலில் காட்டில் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி. அப்புறம் கடற்கரை.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சிங்கத்தின் மேல் அப்படியொன்றும் ஆசை கிடையாது. நான் கூட்டுக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான புதிதில் நானும் அவரும் ஒரே ஒரு சினிமாவுக்குப் போனோம். அதற்கும் அத்தை (என் மாமியார்) கூட வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, இடைவேளையில் முறுக்கு எடுத்துக் கொடுத்தார். ஆகவே, அத்தை வர முடியாத ஒரு இடத்துக்கு இவரோடு போக வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. கென்யாவை விட்டால் அப்படி ஓர் இடம் எனக்கு வாய்க்காது என்று தோன்றியது.

ஏற்பாடுகளை நானே எடுத்துக்கொண்டேன். பி.காம். படித்தவள் அல்லவா (அந்தத் திமிர் அப்போது நிறைய இருந்தது). ஆப்பிரிக்கா என்றால் வெயில் கொளுத்தும் என்று பருத்திச் சேலைகளாக எடுத்து வைத்தேன். கம்பெனி மேனேஜர் போன் செய்து, அங்கே இப்போது குளிர்காலம், ஸ்வெட்டர் கட்டாயம் என்றார். ஜூலையில் என்ன குளிர்காலம்? சரி என்று ஸ்வெட்டரும் இரண்டு குரங்குக் குல்லாயும் வைத்தேன். கடற்கரையில் கண் கூசும் என்று இரண்டு கறுப்புக் கண்ணாடி. அங்கே சோறு கிடைக்காது என்று அத்தை பெரிய டப்பா நிறையப் பருப்புப் பொடி இடித்துக் கொடுத்தார். கடைசியில் அந்தப் பெட்டி குளிருக்கா, வெயிலுக்கா, காட்டுக்கா, கடலுக்கா என்று எனக்கே தெரியாமல் போயிற்று.

இது போதாதென்று வெள்ளிக்கிழமை ரயில் என்று தெரிந்ததும் அத்தை ஜோசியரைக் கூட்டி வந்துவிட்டார்.

"எந்தத் தெசைல போறீங்க அம்மணி?" என்றார் ஜோசியர்.

"மேற்கேங்க" என்றேன்.

"வெள்ளிக்கெழம மேக்க சூலமாச்சே. ஆகாதுங்களே."

"ஏனுங்க, பம்பாய் போயித்தான ஏரோப்பிளேன் ஏறுறோம்? பம்பாய் வடக்கல்லங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"அப்பச் சரிங்க" என்றார் ஜோசியர்.

"என்ன சரி? கோயமுத்தூர் டேஷன் நம்ம ஊட்டுக்கு மேக்கால இருக்குது. மொதல்ல அங்கதான போகோணும்?" என்றார் அத்தை.

நான் அட்லஸைப் பிரித்து, பம்பாயிலிருந்து கென்யா தென்மேற்கு என்று காட்டினேன். ஜோசியர் அட்லஸை ஒரு முறை திருப்பிப் பார்த்தார். அப்புறம் பஞ்சாங்கத்தைத் திருப்பிப் பார்த்தார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. முடிவாக அவர் பரஸ்தானம் வைக்கச் சொன்னார். அதாவது, கிளம்பும் நாள் சரியில்லை என்றால், முந்தின நாளே நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பெட்டி போனால் நாமே போன கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் வேண்டுமானாலும் போய் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டலாம்.

இந்த இடத்தில்தான் என் பி.காம். மூளை வேலை செய்தது. வெறும் துணிப்பெட்டி போனால் அது எப்படி நாங்கள் போனதாகும்? பாஸ்போர்ட் போக வேண்டும், டிக்கெட் போக வேண்டும். எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைத்தேன்.

"சாந்தா, அதக் கையில வச்சுக்கலாமல்ல கண்ணு?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்றேன். பாவம், அவரும் சும்மா இருந்துவிட்டார்.

அத்தை பெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, கைப்பிடியில் மஞ்சள் துணி கட்டினார். வியாழக்கிழமை காலையில் அதைச் சிங்காநல்லூரில் அத்தையின் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். சின்னத்தை வீட்டில் இல்லை. வெள்ளிக்கிழமை வெள்ளகோவிலில் தன் நாத்தனார் குழந்தைக்குக் காதுகுத்து என்று முன்னாடியே போயிருந்தார். அவர் வீட்டுக்காரர் சிங்காநல்லூர் மாமாதான் இருந்தார். குழந்தைக்குத் தாய்மாமன் அவர்தானே, அதனால் கூடம் முழுக்கச் சீர்த் தட்டுகள்.

"அப்புடி வச்சுட்டுப் போ கண்ணு. நாங்க நாளைக்கு வெடியால கெளம்பீருவோம். சாவியப் பக்கத்தூட்ல குடுத்துட்டுப் போறேன், எடுத்துக்குங்க" என்றார்.

மறுநாள் காலை வாசலில் ஆரத்தி சுற்றி, வீதியே கூடி அனுப்பி வைத்தது. எங்கள் வாடகை அம்பாசிடர் சிங்காநல்லூர் போய் நின்றது. பக்கத்து வீட்டில் சாவி பத்திரமாக இருந்தது. பெட்டிதான் இல்லை.

"மஞ்சத் துணி கட்டுன பொட்டிங்களா? சீர் சாமானத்தோட வேன்ல ஏத்துனாங்களே! மஞ்சத் துணி கட்டுனதெல்லாம் ஏத்துங்கடான்னு உங்க மாமாதானுங்க சொன்னாரு" என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

மத்தியானத்துக்கு மேல் ரயில். கென்யா மேற்கே இருக்க, எங்கள் பாஸ்போர்ட் கிழக்கே வெள்ளகோவிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் காரில் ஏறினார். பல்லடம் தாண்டும்வரை நான் அழுதேன். காங்கயம் தாண்டும்வரை ஜோசியரைத் திட்டினேன். அதற்கப்புறம் என்னையே திட்டிக்கொண்டேன்.

வெள்ளகோவில் மண்டபத்தை நெருங்கும்போதே ஒலிபெருக்கி கேட்டது. எங்கள் சாதிசனத்தில் மாமன் சீரைச் சபையில் பிரித்து, ஒவ்வொன்றாக மைக்கில் சொல்லுவது வழக்கம். அந்த வேலையை ஒரு பெரியவர் மிகுந்த மரியாதையோடு செய்துகொண்டிருந்தார்.

"மாமன் சீரு... பட்டுப் பாவாடை ஒண்ணு. வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி." கொஞ்சம் நிறுத்தினார். "கொரங்குக் குல்லா... ரெண்டு."

நாங்கள் காரை விட்டு இறங்கி ஓடினோம்.

"கறுப்புக் கண்ணாடி ரெண்டு. பருப்புப் பொடி பெரிய டப்பா ஒண்ணு. ஆம்பளை ஜட்டி..." மைக் இருமியது. "அது கெடக்குட்டும். சிங்கம் போட்ட சின்ன நோட்டு ரெண்டு. போட்டோ ஒட்டியிருக்குது. ஏனுங்க, இது நம்ம சூலூர் மோட்டார்க்கடை மாப்பளையாட்ட இருக்குதுங்களே?"

சபை மொத்தமும் திரும்பியது. வாசலில் அந்த மாப்பிள்ளை மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். பின்னால் அழுது முகம் வீங்கிய நான். சிங்காநல்லூர் மாமா எங்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம்தான். ஆனால் குழந்தையின் தாத்தா எழுந்து, "சபையில வச்ச சீரத் திருப்பி எடுக்கறது முறையில்லைங்களே" என்றார். கோபமில்லை, மிக மரியாதையாகத்தான் சொன்னார். அவருக்குக் கென்யா என்றால் என்னவென்று விளக்கினோம். அதற்குக் கால் மணி நேரம். சீருக்குக் குறையாமல் மாமா வேறு செய்வதாக ஒப்புக்கொள்ள இன்னொரு கால் மணி நேரம். ஒரு வழியாகப் பெட்டி கைக்கு வந்தது. வாசலுக்கு வந்தால், சின்னத்தை வழி மறித்து நின்றார்.

"காதுகுத்து ஊட்டுக்கு வந்துபோட்டுச் சாப்படாமப் போவீங்களா? நல்லாருக்குதா? எல போட்டாச்சு, ரெண்டு வாய் உண்டுட்டுப் போங்க."

"ரயிலுக்கு நேரமாச்சுங்க சின்னத்தை."

"ரயிலு எங்க கண்ணு போவுது? வா."

அந்த நேரத்தில் 'வேண்டாம்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சிங்கத்தைப் பார்த்திருப்பேன். கொங்கு நாட்டில் பிறந்தவளுக்கு அந்த வார்த்தை வாயில் வராது. உட்கார்ந்தோம். வேண்டாம் வேண்டாம் என்று இலையை மறைத்த கையின் மேலேயே பாயசம் விழுந்தது. குழந்தையின் தாத்தா வேறு, தாம் எங்கள் மனசை நோகடித்துவிட்டதாக நினைத்து, பக்கத்தில் நின்று கவனித்தார்.

கோயமுத்தூர் ஸ்டேஷனுக்குள் நாங்கள் பெட்டியோடு ஓடியபோது பிளாட்பாரம் காலியாக இருந்தது. மேனேஜருக்குப் போன் போட்டேன். அடுத்த ரயிலில் வந்தால் விமானத்தைப் பிடிக்க முடியாதுங்க என்றார். பெஞ்சில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கோடை பூராவும் தோட்டம் தோட்டமாக அலைந்து மோட்டார் மாட்டியவர் அவர். என் புத்திசாலித்தனத்தில் எல்லாம் போயிற்று. அவர் டீ வாங்கி வந்து கையில் கொடுத்து, "பாயசம் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

பிறகு வீட்டுக்குப் போன் போட்டோம். அத்தை முழுக்கதையும் கேட்டுவிட்டு ஒரு அதட்டல் போட்டார்.

"ஆரத்தி எடுத்து ஊரே அனுப்பி வச்சிருக்குது. அன்னைக்கே திரும்பி வந்து நின்னா வீதியில எவ மூஞ்சில நானு முழிக்கறது? எங்கயாவது போயிட்டு, சொன்ன நாளைக்கு வாங்க. அதுக்கு முன்னால இந்த வாசல்ல கால வைக்கப்படாது, ஆமா!"

இவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களைத் தனியாகப் போகச் சொல்லி உத்தரவு போடுவது சாட்சாத் என் மாமியார்தான் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஊட்டிக்கு பஸ் ஏறினோம். முதுமலையில் வேனில் சுற்றி யானையும் ஏகப்பட்ட மானும் பார்த்தோம். குளிருக்கு ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் அப்படி உதவின. கூடலூர் வழியாக இறங்கிக் கோழிக்கோடு போய், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடற்கரையில் நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் யாரும் இல்லை. அவ்வளவு பேசுகிற மனுஷர் அவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. பாலக்காடு வழியாக ரயிலில் திரும்பி, சொன்ன நாளில் சூலூர் வாசலில் வந்து இறங்கினோம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அந்தப் பயணத்துக்குக் கென்யா என்றே பேர். "கென்யா போனப்ப சாப்பிட்ட மீன்" என்பார் இவர். "நீங்க கென்யாவுல இருந்து கொண்டாந்த அல்வா" என்பார் அத்தை. வருஷாவருஷம் இந்தப் பேச்சைக் கேட்டே எங்கள் மகள் வளர்ந்தாள். மூன்றாம் வகுப்பில் டீச்சர் உலக வரைபடத்தை மாட்டி, கென்யா எங்கே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். வகுப்பில் கை தூக்கியது இவள் ஒருத்திதான்.

"பாலக்காட்டுக்கு அந்தப் பக்கமுங்க மிஸ்."

டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என்ன விளக்கம் சொல்வது? அதுதான் சரியான விடை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.