என் மணநாளும் நீ அனுப்பிய நிரலும்

அன்பு மச்சானுக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்ட பாவி ஸலாமுடன் எழுதுவது. நான் நலம். உன் அக்கா நலமா என்பதை நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும். என்னோடு பேச்சுவார்த்தை கிடையாது. எதுவானாலும் குளிர்பதனப் பெட்டியைப் பார்த்துச் சொல்கிறாள், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். போன திங்கட்கிழமை எங்களுக்குக் கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருஷம். சுத்தமாக மறந்துபோனேன். மறுநாள் காலை அவள் முகம் பார்த்ததும் புரிந்துவிட்டது. சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "கல்யாணப் பத்திரிகையில ஹிஜ்ரி தேதியும் இருக்கே, அந்தக் கணக்குல நமக்கு நாள் இன்னும் வரவே இல்ல" என்று ஒரு போடு போட்டேன். கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லிப் பெட்டி வழியாக உத்தரவு வந்தது. அதனால்தான் அவசரமாக உன்னிடம் ஹிஜ்ரி தேதி கணக்கிடும் கணினி நிரல் கேட்டேன்.

நீ அனுப்பியதில் ஒரு வரி இருந்ததே, வருஷத்தைப் பதினொன்றால் பெருக்கு, பதினான்கைக் கூட்டு, முப்பதால் வகு, மீதி பதினொன்றுக்குக் கீழே வந்தால் அந்த வருஷத்துக்கு 355 நாள், இல்லாவிட்டால் 354 என்று? ஒரு நாள்தானே, எதற்கு இத்தனை சுற்றிவளைப்பு என்று அதைத் தூக்கிவிட்டு எல்லா வருஷத்துக்கும் 354 போட்டு ஓட்டினேன். நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன், ஓர் அங்குலத்துக்காக ஊரோடு சண்டை போட்டவன், எனக்கு ஏன் அப்படிப் புத்தி போனதோ. பிறைக் கணக்கில் வருஷம் குட்டை அல்லவா, அதன்படி வரும் முப்பத்துமூன்றாவது மணநாள் திங்கட்கிழமைக்கும் ஆறு நாள் முன்னாலேயே போய்விட்டது என்று திரையில் வந்தது, அவளும் பின்னால் நின்று பார்த்துவிட்டாள். ஒரே வாரத்தில் இரண்டு தடவை மறந்த மனுஷனைப் பார்த்திருக்கிறாயா என்று பெட்டியைக் கேட்டாள்.

பயந்துபோய் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன் மச்சான். முப்பத்துமூன்று வருஷத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு நாள் அதிகம். பன்னிரண்டு நாள் கைக்கு வந்தது! அப்படியானால் மணநாள் இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே அவளிடம் திரையைக் காட்டினேன். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு. கைக்கடிகாரம் ஒன்று வாங்கி மேசை இழுப்பறையில் ஒளித்து வைத்திருக்கிறேன். இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் நீட்டப்போகிறேன். தப்பித்தேன்.

நீயும் உன் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல், மனைவியின் முகம் பார்த்து நாள் அறிந்து, நீடூழி வாழ துஆ செய்யும்
உன் மச்சான்

பி.கு: மணி எட்டரை. கடிகாரத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தே பேசினாள்: "அந்தக் கணக்குல பொழுது சாஞ்சதும் மறுநாள் பொறந்துடும். ஆறரைக்கே முடிஞ்சுபோச்சுங்க. காலையிலேர்ந்து புதுப் புடவை கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்." பொழுது சாய்ந்தால் நாள் மாறும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். மறந்துவிட்டேன். புடவையையும் இப்போதுதான் பார்க்கிறேன். உலகத்தில் வேறு ஏதாவது நாட்காட்டி இருந்தால் அதற்கும் ஒரு நிரல் எழுதி உடனே அனுப்பு. ஒரு வரியையும் தொட மாட்டேன்.