தெருவுக்கே நோன்பு திறந்து வைத்தேன்

ஆள் பார்க்காத நேரத்தில் கம்பு சுற்றப் பழகுகிறவன்தான் உருப்படுவான். இது இப்போது எனக்கு நன்றாகத் தெரிகிறது. இளவட்டமாக இருந்தபோது தெரியவில்லை. தெரிந்திருந்தால் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் ராவுத்தர் தெருவில் நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்திருப்பேன்.

எங்களுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுத்த வாத்தியார் மீனாட்சிபுரத்துக்காரர். விடியற்காலையைத் தவிர வேறு நேரத்தில் கம்பைத் தொடாதே என்பார். ரமலான் மாதம் பிறக்கும்வரை நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் நோன்பன்று, விடியுமுன் சாப்பிடுகிற சஹர் சோற்றை (பத்து ஆள் சோறு என்று அம்மா சொன்னது பொய்) வயிறு முட்ட அடைத்துக்கொண்டு போய் இரண்டு சுற்றுச் சுற்றினேன். உண்டதெல்லாம் வாத்தியார் காலடியில் வந்து விழுந்தது. அவர் தள்ளி நின்றுகொண்டு, "பெருநா முடியட்டுமுங்க தம்பி. கம்பு எங்கயும் ஓடிப் போயராது" என்றார்.

அதைக் கேட்டிருக்கலாம். ஆனால் பெருநாள் கழிந்ததும் என் தங்கை ஜைனம்புவுக்குக் கல்யாணம். பொள்ளாச்சியில் வெல்ல மண்டி வைத்திருந்த மீரான் ராவுத்தரின் மகனுக்குப் பேசியிருந்தார்கள். தேதி வைப்பதுதான் பாக்கி. மாப்பிள்ளை ஊர்வலத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் கம்பு சுற்றுவது எங்கள் வழக்கம். எங்கள் பக்கத்துக்கு முன்னால் நின்று சுற்றப் போகிறவன் நான். (யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன்.)

ஆகவே நோன்புக்காலத்துக்குப் பொருத்தமான நேரத்தை ஆராய்ந்தேன். நடுப்பகலில் நாக்கு வறண்டது. இரவுத் தொழுகை முடிந்தால் கண் சொருகியது. கடைசியில், நோன்பு திறப்பதற்குச் சற்று முன்னால், பொழுது இறங்குகிற நேரமே உத்தமம் என்று கண்டுபிடித்தேன். காலி வயிற்றில் உடம்பு லேசாக இருக்கும், லேசான உடம்பு வேகமாகச் சுழலும் என்று கூட்டாளிகளுக்கு விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பாதி அது பசி மயக்கம்.

உண்மைக் காரணம் வேறு. அந்த நேரத்தில்தான் தெருவிலுள்ள ஆண்கள் எல்லாரும் கஞ்சிக் கோப்பையோடு பள்ளிவாசல் முன்னால் வந்து வரிசையாக உட்காருவார்கள். எதிரே பொட்டல். நான் சுற்றினால் ஊரே பார்க்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது. உடம்பு லேசாவதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை.

தேதி வைக்க மீரான் ராவுத்தர் வந்தது அந்த மாதத்தின் பாதியில். கோபாலபுரம் சுங்கச்சாவடி தாண்டி மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். எங்களோடு நோன்பு திறந்துவிட்டுப் பேசுவதாக ஏற்பாடு. அவர் மீசை முளைக்குமுன்பிருந்து ஒரு நோன்பும் விட்டதில்லை, காய்ச்சலில்கூட விட்டதில்லை. மண்டியைப் பற்றிச் சொல்கிற பெருமையோடு அதையும் சொல்லுவார்.

என் தகப்பனார் காலையிலேயே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மொறை தப்புனா அந்த மனுசன் எந்திரிச்சுப் போயிருவாரு. அவரு முன்னால வாயத் தொறக்காத, கைய ஆட்டாத. ஜைனம்பு பொழப்பு இதுல இருக்குது" என்றார்.

"செரிங்கத்தா" என்றேன். பொழுதோடு உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு பொட்டலுக்குப் போனேன். மேற்கு வெயில் பட்டால் புஜம் மின்னுமாம். வெயிலே இல்லை. வானம் மூடிக் கிடந்தது. பொழுது இறங்கியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாத நாள்.

அப்படிப்பட்ட நாளில் எங்களுக்கு நகராதான் எல்லாம். பள்ளிவாசல் முகப்பில் இருக்கும் அந்தப் பெரிய முரசைத்தான் சொல்கிறேன். உள்ளே, தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் பைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைப்பார். தொழுகைக்கு அழைக்கிற மோதினார் வெளியே வந்து நகராவை அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டதும் பள்ளிவாசலிலும் வீடுகளிலும் நோன்பு திறப்பார்கள்.

நான் சுற்ற ஆரம்பித்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. பகலெல்லாம் பட்டினி கிடந்தவன் எதிரே கஞ்சி இருக்கும்போது என் புஜத்தை எதற்குப் பார்க்கிறான்? மீரான் ராவுத்தர் கையில் பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி இருந்தார். எனக்கு ரோஷம் வந்தது. கம்பை மேலே எறிந்து, சுழன்று திரும்பிப் பிடிக்கிற வித்தை ஒன்று உண்டு. வாத்தியார் இன்னும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எறிந்தேன்.

எண்ணெய்க் கை. கம்பு மேலே போகவில்லை. நேராகப் போயிற்று.

டம்ம்!

"பிஸ்மில்லா" என்று வரிசை முழுவதும் ஒரே குரல். மீரான் ராவுத்தர் பழத்தை வாயில் போட்டு, தண்ணீரையும் குடித்துவிட்டார். வீடுகளில் பெண்கள் குடித்தார்கள். உள்ளேயிருந்து ஹஜ்ரத் ஓடி வந்தார். "யாருங்க அடிச்சது? நேரமாகலீங்களே!" அவருக்குப் பின்னால் மோதினார், கையில் அடிக்காத குச்சியோடு.

எல்லாரும் நகராவைத் திரும்பிப் பார்த்தார்கள். தோலைக் கிழித்துக்கொண்டு என் கம்பு அதில் நட்டுக்கொண்டு நின்றது. நுனியில் நான் ஆசையாகப் போட்ட பித்தளைப் பூண் வேறு.

மீரான் ராவுத்தரைப் பார்த்து, "காத்துங்க மாமா" என்றேன். (காற்றடித்துக் கம்பு போய்விட்டதாம். வெட்கம் கெட்டவன்.)

மீரான் ராவுத்தர் வாயைத் துடைத்துக்கொண்டார். "காத்து வந்து நகரா அடிச்சு நான் கேட்டதில்லீங்க தம்பி."

சாப்பிட்டவர்கள் இப்போதே வாயைக் கட்ட வேண்டும், பெருநாளுக்குப் பிறகு இந்த நோன்புக்கு ஈடாகக் களா நோன்பு ஒன்று வைக்க வேண்டும் என்று ஹஜ்ரத் சொன்னார். எல்லாரும் எச்சில் பட்ட கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மீரான் ராவுத்தர் உள்ளங்கையில் பழக்கொட்டை. அத்தா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் தலை குனிந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் வந்ததும் நகரா இல்லாததால் மோதினார் தெருத்தெருவாக ஓடிக் கத்தினார்.

தேதி வைக்காமலே வண்டி பூட்டினார்கள். அடுக்களையில் ஜைனம்பு அழுதுகொண்டிருந்தாள். "சோறு தின்னுட்டுச் சுத்த முடியலீன்னா எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்லண்ணா, நான் சஹருக்கு முந்தியே எழுப்பி உட்டிருப்பனே" என்றாள். அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். இதை எழுதும்போதும் அந்தக் குரல் என்னைக் குத்துகிறது.

பெருநாள் கழிந்து பொள்ளாச்சியிலிருந்து ஆள் வந்தது. களா நோன்பை எங்கள் வீட்டுக்கே வந்து திறப்பதாக மீரான் ராவுத்தர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு நிபந்தனை: நகரா சத்தம் கேட்கிறவரை அந்தத் தம்பியின் இரண்டு கையையும் அவங்கத்தா பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அத்தா பிடித்துக்கொண்டார். கல்யாண வயதுத் தடிமாடு ஒன்று தகப்பன் கையில் அகப்பட்டு நிற்பதைத் தெருவே வந்து பார்த்தது. நான் ஆசைப்பட்ட கூட்டம் அன்றுதான் கூடியது. அன்று தெரு முழுவதும் களா நோன்பு. ஹஜ்ரத்தையும் மோதினாரையும் விட்டால் எனக்கு மட்டும் அவசியமில்லை. கம்பு போன திசையைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றதில், நகரா கிழிந்த நாளில் நான் நேரத்துக்கு முன்னால் எதையும் சாப்பிடவே இல்லை. வெட்கத்துக்காகத்தான் நானும் நோன்பிருந்தேன்.

புதுத்தோல் போட்ட நகரா ஒலித்தது. மீரான் ராவுத்தர் பழத்தை எடுத்தார். "அன்னைக்கு இந்தத் தெருவுல ஹஜ்ரத், மோதினாருக்கடுத்து நோன்பு கெடாத ஆளு இவருதானுங்க" என்றார். அத்தா முதல்முறையாகச் சிரித்தார். அப்புறம் தேதி வைத்தார்கள். ஊர்வலத்தில் எனக்குக் கிடைத்தது பன்னீர்ச் செம்பு.

இப்போது நோன்பு மாதத்தில் ஜைனம்பு வீட்டுக்குப் போனால், நகரா ஒலித்தாலும் அவள் பேரப்பிள்ளைகள் பழத்தைத் தொடுவதில்லை. முதலில் என்னைப் பார்க்கிறார்கள். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுகிறேன். ஜைனம்பு என் உள்ளங்கையைத் தடவிப் பார்க்கிறாள். "எண்ணெய் இல்ல, தின்னுங்க" என்கிறாள்.